துப்பாக்கி காணாமற்போகும்போது: கம்பம் பள்ளத்தாக்கின் இருநூறாண்டு அச்சம்

வீட்டில் வைத்திருந்த நகையோ நிலப் பத்திரமோ காணாமற்போனால் அந்த இழப்பு பெரும்பாலும் அக்குடும்பத்தோடு நின்றுவிடுகிறது; உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்த இடத்தில் இல்லை என்றால் அது அந்த நொடியிலேயே ஊரின் பாதுகாப்பையும், காவல் துறையையும், மாவட்ட நிர்வாகத்தையும் தொடும் செய்தியாகிவிடுகிறது. மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் காவல் நிற்க, நடுவே முல்லையாற்று நீரில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில், காட்டு விலங்குகளிடமிருந்து பயிரைக் காக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் வழக்கம் நெடுநாளையது. அந்தத் துப்பாக்கி காணாமற்போனதை உணர்ந்த உரிமையாளர் முதலில் செல்ல வேண்டிய இடம் காவல் நிலையம் என்று சட்டம் சொன்னாலும், அவரது கால்கள் பெரும்பாலும் கடைசியாகவே அங்கு செல்கின்றன. இந்தத் தயக்கத்தைத் தனிமனிதரின் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

பாளையங்களும் திண்டுக்கல் ஆயுதச் சாலையும்

இன்றைய தேனி மாவட்டம் 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது என்றாலும், போடிநாயக்கனூர், கண்டமனூர், எரசக்கநாயக்கனூர், தேவாரம், கோம்பை ஆகிய ஊர்ப் பெயர்கள் இப்பகுதியின் பழைய ஆட்சிமுறையான பாளையங்களை இன்றும் நினைவூட்டுகின்றன. பாளையம் என்பது, மதுரை நாயக்கர் ஆட்சியில் ஒரு நிலப்பகுதியின் வரி வருவாயை நுகரும் உரிமையை ஒரு தலைவருக்கு வழங்கி, அதற்கு ஈடாக அவர் கப்பம் கட்டவும், அழைக்கும்போது படை அனுப்பவும், ஊர்க்காவலைப் பேணவும் கடமைப்பட்ட ஏற்பாடாகும். அக்காலத்தில் ஆயுதம் தாங்குவது பாளையத்தாரின் கடமையின் ஒரு கூறாக இருந்தது. வேலும் ஈட்டியும் வாளும் ஏந்தியவர்களோடு, பற்றவைத்த திரியைக் கொண்டு மருந்தை வெடிக்கச் செய்யும் திரித்துப்பாக்கி ஏந்தியவர்களும் பாளையப் படைகளில் இருந்தனர்.

இப்பாளையங்கள் அடங்கிய திண்டுக்கல் சீமை மைசூர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தபோது, 1755இல் அதன் பௌஜ்தாராக, அதாவது படைப் பொறுப்புடைய ஆளுநராக நியமிக்கப்பட்ட ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களின் துணையுடன் திண்டுக்கல்லில் ஓர் ஆயுதச் சாலையை அமைத்தார். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில் 1792இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, ஆயுதம் தாங்கிய ஒரு மக்கள் சமூகமும் அச்சீமையோடு சேர்ந்தே கம்பெனியின் கைக்கு மாறியது.

1801 டிசம்பர் 1

விருப்பாட்சி கோபால நாயக்கர் தலைமையில் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்கள் அமைத்த கூட்டணியும், சிவகங்கையில் மருது சகோதரர்களும் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையும் நடத்திய போரும் 1801இல் ஒடுக்கப்பட்டு, அவர்கள் அனைவரும் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டனர். அதைத் தொடர்ந்து 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம், தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் தடை செய்தது; கோட்டைகள் இடிக்கப்பட்டன; பாளையக்காரர்கள் படிப்படியாக வரி செலுத்தும் ஜமீன்தார்களாக மாற்றப்பட்டனர்.

துப்பாக்கிக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவு தலைகீழானது இந்தப் பிரகடனத்தால்தான். முதல்நாள் வரை ஆயுதம் ஏந்துவது அரசுக்குச் செய்யும் பணியாக இருக்க, மறுநாள் முதல் அதை ஒப்படைப்பதே விசுவாசத்தின் அடையாளம் ஆயிற்று. ஒப்படைக்கப்படாத ஆயுதம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, தொலைந்துவிட்டது என்ற விடை அதிகாரிகளின் காதில் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே ஒலிக்கக்கூடிய சூழல் உருவானது. உண்மையாகவே இழந்தவரையும் வேண்டுமென்றே மறைத்தவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் பார்வைக்கு இங்கேதான் வேர் இருக்கிறது.

உரிமச் சீட்டும் ரேகைச் சட்டமும்

லிட்டன் பிரபு வைசிராயாக இருந்தபோது நிறைவேற்றப்பட்ட 1878ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம், உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பதை நாடு முழுவதும் குற்றமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விதிவிலக்கும் இந்தியர்களுக்குக் கட்டுப்பாடும் என்ற இனப் பாகுபாடு அதில் வெளிப்படையாக இருந்ததால், 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு அச்சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. மேற்கு மலைத்தொடரில் இதற்கு வடக்கே வாழும் குடகர்கள், பிரிட்டிஷாரிடம் பெற்ற நம்பிக்கையின் பயனாக உரிமம் பெறுவதிலிருந்து விலக்குப் பெற்று இன்றளவும் அதைத் தக்கவைத்திருக்கின்றனர். அதே மலைத்தொடரின் தென்பகுதி அடிவாரத்தில் வாழ்ந்த மக்களுக்கோ அரசின் ஐயப்பார்வையே மிஞ்சியது.

அந்த ஐயம் துப்பாக்கியோடு நிற்கவில்லை. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம், ஒரு சாதியில் பிறந்ததையே குற்றத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டு, பிரமலைக் கள்ளர் சமூகத்தின் ஆண்களைக் கைரேகை வைத்துப் பதிவு செய்யவும் அவர்களது நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் வழிவகுத்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். ஆண்டிபட்டிக் கணவாய்க்குக் கிழக்கே, உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், அப்பதிவை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல் துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர். 1947இல் சென்னை மாகாணத்தில் இச்சட்டம் நீக்கப்படும் வரை, தாம் எங்கே இருந்தோம் என்பதற்குக் காவல் நிலையத்தில் கணக்குச் சொல்ல வேண்டிய நிலையில் ஒரு தலைமுறையே வாழ்ந்தது. காவல் நிலையப் படியேறுவதை மானக்கேடாகவும் ஆபத்தாகவும் கருதும் மனநிலை இப்பகுதிக் குடும்பங்களில் ஊறிப்போனதற்கு இந்த அனுபவத்தைத் தவிர்த்து விளக்கம் தேட முடியாது.

பயிர்க் காவல் துப்பாக்கி

விடுதலை பெற்ற இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, குடிமகனின் நேர்மையான தேவையை ஏற்கும் நோக்கில் எழுதப்பட்டது. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அதன் 13ஆம் பிரிவு வெளிப்படையாக இடமளிக்கிறது. வாய்வழி மருந்திடும் துப்பாக்கி என்பது ஊர் வழக்கில் நாட்டுத் துப்பாக்கி எனப்படுவதன் உரிமம் பெற்ற வடிவம். குழலின் வாய் வழியாக அளந்த வெடிமருந்தைக் கொட்டி, நாரையோ துணிக்கந்தலையோ வைத்து நீண்ட கம்பியால் இடித்து இறுக்கி, அதன்மேல் ஈயக் குண்டுகளை இட்டு மீண்டும் அடைத்து, குழலின் அடியிலுள்ள சிறு மூக்கின்மேல் கேப்பு எனப்படும் உலோக மூடியைப் பொருத்தி, குதிரையைப் பின்னுக்கு இழுத்து விசையை அழுத்தினால்தான் அது வெடிக்கும்.

இந்த அமைப்பில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. மருந்தும் குண்டும் குழலுக்குள் அடைக்கப்பட்டிருக்கிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கம்பியை மெதுவாகக் குழலுக்குள் இறக்கி, வெற்றுக் குழலில் அது எவ்வளவு தூரம் இறங்கும் என்பதோடு ஒப்பிட்டு, இடையில் தட்டுப்பட்டால் உள்ளே இருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் அறிந்துகொள்வர். ஆகவே மலையடிவாரத் தோட்டத்தின் காவல் பரணிலோ பழைய வீட்டின் மச்சிலோ மறந்து வைக்கப்பட்ட துப்பாக்கி, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு சிறுவனின் கையில் அகப்படும்போது, அது வெறும் இரும்புக் குழலாக இருக்கும் என்று எவராலும் உறுதி கூற இயலாது.

துப்பாக்கி தொலையும் வழிகளும் பயிர்த்தொழிலின் நடைமுறையோடு பிணைந்தவை. அறுவடைக் காலத்தில் பரணுக்குக் கொண்டுபோன துப்பாக்கி திரும்ப வீட்டுக்கு வராமல் போவதுண்டு. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டபோது அதுவும் குத்தகைதாரரின் பொறுப்பில் விடப்படுவதுண்டு. உரிமம் பெற்றவர் இறந்தபின், பாகப்பிரிவினையில் நிலமும் மாடும் பங்கிடப்பட, துப்பாக்கியை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது இவை எல்லாவற்றையும்விடச் சிக்கலானது. உரிமம் ஒருவரின் பெயருக்கு வழங்கப்படுவதே அன்றிக் குடும்பச் சொத்தாக இறங்குவதில்லை. வாரிசுகள் அத்துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டுத் தங்கள் பெயரில் உரிமம் கோரி விண்ணப்பிக்க வேண்டும்.

தேடலின் பதற்றம்

காணாமற்போன துப்பாக்கி பல நேரங்களில் தேர்தல் காலத்தில்தான் காணாமற்போனதாகத் தெரியவருகிறது. தேர்தல் அறிவிப்போடு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு மாவட்ட நிர்வாகம் அறிவிக்கிறது. வங்கிக் காவலர்கள், துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரர்கள் போன்றோருக்கு மட்டும் ஆய்வுக் குழுவின் முடிவின்படி விலக்கு அளிக்கப்படுகிறது. அப்போதுதான் பரண் ஏறி, பெட்டி திறந்து, தோட்டக் குடிசையைப் புரட்டி, உறவினர் வீடுகளில் விசாரிக்கும் தேடல் தொடங்குகிறது. அக்கம்பக்கத்தாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இரவில் தேடுவதும், வேலையாட்கள்மீது ஆதாரமின்றிச் சந்தேகம் கொள்வதும், நாளை கிடைத்துவிடும் என்று நாள் கடத்துவதும் அந்தப் பதற்றத்தின் வழக்கமான படிகள்.

சட்டம் கேட்பது இதற்கு நேர்மாறானது. துப்பாக்கியோ தோட்டாவோ தொலைந்தாலும் திருடுபோனாலும் உடனே அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. நிபந்தனையை மீறினால் உரிமம் ரத்தாகலாம். சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ விதிக்கப்படலாம். இழந்த ஆயுதத்தை உரிமமின்றி வைத்திருப்பவருக்கோ, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத் தண்டனை காத்திருக்கிறது. அதே ஆயுதத்தால் ஒரு குற்றம் நிகழ்ந்து, அதன் எண் பழைய உரிமையாளரின் பெயரைக் காட்டும் நாளில், முன்கூட்டியே கொடுத்த புகாரின் ரசீது ஒன்றே அவருக்குத் துணை நிற்கும்.

துப்பாக்கியைக் கணக்கில் வைப்பது தனியாருக்கு மட்டும் கடினமானதன்று என்பதற்கு, கம்பம்மெட்டுக்கு அப்பாலுள்ள கேரளத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 2020 பிப்ரவரியில் கேரளச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்குத் தணிக்கை அறிக்கை, திருவனந்தபுரத்திலுள்ள சிறப்பு ஆயுதப் படை முகாமில் 25 இன்சாஸ் துப்பாக்கிகளும் 12,061 தோட்டாக்களும் குறைவதாகக் கூறியபோது மாநிலமே அதிர்ந்தது. அதன்பின் குற்றப்பிரிவினர் ஒவ்வொரு துப்பாக்கியாக எடுத்து எண்ணைச் சரிபார்த்ததில், மொத்தம் 660 துப்பாக்கிகளில் 647 முகாமிலேயே இருப்பதும், 13 மணிப்பூருக்குப் பணியில் சென்ற படையினரிடம் இருப்பதும் தெரியவந்தன. ஆனால் தோட்டாக்களின் கணக்கில் முறைகேடு நடந்திருப்பதும், உண்மைத் தோட்டாக்களின் இடத்தில் போலிகள் வைக்கப்பட்டிருந்ததும் அதே விசாரணையில் வெளிப்பட்டன. துப்பாக்கியைப் பற்றிய அச்சம் தீர்ந்ததும் தோட்டாவைப் பற்றிய உண்மை வெளிவந்ததும், பொருளைக் கையில் எடுத்து எண்ணிப் பார்த்த ஒரே செயலால்தான்.

பூட்டும் பொறுப்பும்

உலகின் பிற நாடுகளும் இந்தப் பாடத்தை விலை கொடுத்தே கற்றன. ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 1996 ஏப்ரலில் ஒருவன் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் உயிரிழந்த பின், துப்பாக்கியைப் பூட்டிய பாதுகாப்பில் வைப்பது அந்நாடு முழுவதும் உரிமத்தின் நிபந்தனையாக்கப்பட்டது. அமெரிக்காவிலோ, ஆயுத விற்பனையாளர் தமது கையிருப்பில் இழப்பைக் கண்டறிந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் கூறினாலும், தனிமனிதருக்கு அக்கட்டாயத்தை அது விதிக்கவில்லை. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பாதுகாப்பாக வைத்திருப்பதற்கான உறுதிமொழியையும் பயிற்சியையும் கேட்கின்றன. நாடெங்குமுள்ள உரிமங்கள் தனி அடையாள எண்ணுடன் தேசியத் தரவுத்தளத்தில் சேர்க்கப்படுகின்றன.

விதிகள் போதுமான அளவு இருக்கின்றன. குறைவது அவற்றுக்கும் மக்களுக்கும் இடையிலான நம்பிக்கை. 1801இல் தொடங்கி ரேகைச் சட்டத்தில் உச்சம் தொட்ட ஐயப்பார்வையை அரசு முற்றிலும் கைவிட்டு, துப்பாக்கியை இழந்தேன் என்று தாமாக வந்து சொல்பவரை முதலில் புகார்தாரராகவே நடத்தி, அப்போதே ரசீது வழங்க வேண்டும். உரிமம் வைத்திருப்போர் தேர்தல் வரும் வரை காத்திராமல், உரிமச் சீட்டில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் இன்றே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாத்தாவின் பெயரில் உரிமம் இருந்த வீடுகளில் பேரப்பிள்ளைகள் ஒருமுறை மச்சைத் திறந்து பார்த்து, அங்கே ஏதேனும் தென்பட்டால் அதைத் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காணாமற்போன துப்பாக்கியைப் பற்றிய புகாரில் ஒருநாள் தாமதமும் யாரோ ஒருவரின் உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.