ஐயமும் அரங்கேற்றமும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய ஊர்களின் ஊடே சென்று களியக்காவிளையில் தமிழகத்துள் நுழைகிறது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று முதல் அங்கே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. கோட்டைத் தாண்டினால் பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறும். பேச்சு அவ்வாறு சட்டென்று மாறுவதில்லை. ஒரே வீட்டில் பாட்டி தமிழிலும் பேரன் மலையாளத்திலும் பேசிக்கொள்வதும், இருவருக்கும் ஐயமின்றிப் பொருள் விளங்குவதும் அவ்வூர்களில் இன்றும் காணும் காட்சியே.

அத்தகைய வீடொன்றில் பிறந்து, பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்த குடும்பத்தைச் சேர்ந்த என் உறவுப் பெண் ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் தமிழில் ஒரு சிறுகதை எழுதி இணையத்தில் வெளியிட்டாள். பள்ளியில் அவள் தமிழ் பயின்றவள் அல்லள். பாட்டியிடமும், பாட்டி வைத்திருந்த விவிலியத்திடமும், பழைய இலக்கணச் சிறுநூல் ஒன்றிடமும் கற்றவள். கதைக்கு முதலில் வந்த மறுமொழி, "இது மனிதர் எழுதியதன்று, இயந்திரம் எழுதியது" என்பதாகும். சான்று யாதெனில், வாக்கியங்கள் பிழையின்றி இருந்தனவாம். "ஆயினும்", "எனினும்" என்னும் சொற்கள் மிகுதியாம். எந்த ஊர் வாசனையும் இல்லையாம். தான் கற்ற தமிழே அதுதான் என்று அவள் சொன்னாள். கேட்பார் இல்லை. கதையை எடுத்துவிட்டாள். அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவள் எழுதவில்லை.

இச்சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். "இது உன்னுடையதுதானா?" என்னும் கேள்வி தமிழுக்குப் புதிதன்று. அதனை நம் முன்னோர் எங்ஙனம் கேட்டனர், எங்ஙனம் தீர்த்தனர் என்று பார்ப்பது இன்றைக்கும் பயன் தரும்.

ஏட்டுக்காலத்து ஐயங்கள்

"எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்பது பழமொழி. ஏடு படியெடுக்கப்படும் போதெல்லாம் சொல் மாறும். சில வேளை புதுப்பாட்டே புகும். கம்பராமாயணத்தில் பின்னாளில் புகுந்தனவாகக் கருதப்படும் செய்யுள்களை "வெள்ளி பாடல்கள்" என்பர். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் பாடிச் சேர்த்தவை என்பது அப்பெயருக்குக் கூறும் காரணம். இவற்றைப் பதிப்பாசிரியர் பலர் அடியோடு களைந்துவிடவில்லை. பல சுவடிகளை ஒப்புநோக்கி, மிகைப்பாடல்கள் எனத் தனியே பிரித்து அச்சிட்டனர். ஐயத்தை மறைக்காமலும், ஐயத்தையே தீர்ப்பாக்காமலும் நின்ற நிலை அது.

இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு, "இன்னிலை" என்னும் நூலின் கதை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களைத் தொகுத்துக் கூறும் பழைய வெண்பாவில் "இன்னிலை", "கைந்நிலை" என்னும் இரு சொற்களும் வருகின்றன. பதினெட்டாவது நூல் யாது என்பதில் இதனால் குழப்பம் எழுந்தது. 1917-இல் பொய்கையார் இயற்றியதாகக் கூறப்பட்ட இன்னிலையைச் செக்கிழுத்த செம்மல் வ. உ. சிதம்பரனார் உரையுடன் பதிப்பித்தார். பின்னர் 1931-இல் அனந்தராமையர் கைந்நிலையை வெளியிட்டார். பழைய உரையாசிரியர் இளம்பூரணர் மேற்கோள் காட்டிய பாடல்கள் அக்கைந்நிலையில் இருந்தன. இன்னிலைக்கோ அத்தகைய பழஞ்சான்று இல்லை. ஆகவே கைந்நிலையே பதினெட்டாவது நூலென்றும், இன்னிலை பிற்காலத்தார் புனைந்ததென்றும் அறிஞர் பலர் முடிவு கண்டனர்.

இதில் நாம் கருத வேண்டியவை இரண்டு. ஒன்று, வஞ்சனை உண்மையிலேயே நிகழக்கூடியது; நாட்டுக்காகச் சிறை சென்ற சான்றோரும் நல்லெண்ணத்தால் ஏமாறக்கூடும். மற்றொன்று, அவ்வஞ்சனையை வெளிப்படுத்தியது "நடை எனக்குப் பிடிபடவில்லை" என்னும் உள்ளுணர்வு மட்டுமன்று. சுவடியும் மேற்கோளும் வழிவழிச் சான்றும் சேர்ந்தே வெளிப்படுத்தின. அதற்குப் பதினான்கு ஆண்டுகள் பொறுக்க வேண்டியிருந்தது.

நெய்யாற்றின்கரையின் மகனார்

ஐயம் நம் எல்லை ஊர்களையும் விட்டதில்லை. 1878-இல் நெய்யாற்றின்கரையில் பிறந்த இராமகிருஷ்ண பிள்ளை, "சுதேசாபிமானி" என்னும் இதழின் ஆசிரியராக இருந்து திருவிதாங்கூர் ஆட்சியின் ஊழல்களை அஞ்சாது எழுதியவர். 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் அவ்விதழின் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவரும் நாடு கடத்தப்பட்டார். ஆரல்வாய்மொழி வழியே எல்லை தாண்டி அவரைத் திருநெல்வேலிச் சீமையில் கொண்டு விட்டனர். 1916-இல் கண்ணூரில் மறைந்தார்.

நாடிழந்த காலத்தில், 1912-இல், அவர் மலையாளத்தில் எழுதிய "காரல் மார்க்ஸ்" என்னும் சிறுநூல், இந்திய மொழிகளில் வந்த முதல் மார்க்ஸ் வரலாறு எனப் போற்றப்படுகிறது. ஆனால் அதே ஆண்டு மார்ச் மாதத்தில் கல்கத்தாவின் "மாடர்ன் ரிவியூ" இதழில் லாலா ஹர்தயாள் மார்க்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். பிள்ளையின் நூல் அதனைத் தழுவியது, அதன் மொழிபெயர்ப்பே என்றும் கூடப் பின்னாளில் குற்றம் சாட்டினர். 1975-இல் பி. சி. ஜோஷியும் கே. தாமோதரனும் இவ்விரு எழுத்துகளையும் ஒரே நூலில் சேர்த்து வெளியிட்டனர். அதனால் எவரும் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துத் தம் முடிவுக்கு வரலாம்.

அந்த வழக்கில் யார் பக்கம் நீதி என்று தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. குற்றம் சாட்டுவோர் எதிரே ஒரு மூலத்தைக் காட்டினர். வரிக்கு வரி ஒப்பிட இடம் இருந்தது. மறுப்போர்க்கும் அதே இடம் இருந்தது. இதுவே முறை. மூலத்தைக் காட்டாமல், "படித்தால் அப்படித் தோன்றுகிறது" என்று மட்டும் சொல்லும் குற்றச்சாட்டுக்கு மறுமொழி சொல்ல எவராலும் இயலாது.

இயந்திரமும் அதன் கண்காணிகளும்

இனி நம் காலத்துக்கு வருவோம். 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி மக்கள் கைக்கு வந்தது. மூன்று மாதங்கள் நிறைவதற்குள், அமெரிக்காவின் "கிளார்க்ஸ்வேர்ல்டு" என்னும் அறிவியல் புனைகதை இதழ், இயந்திரம் எழுதிய கதைகள் வெள்ளமாக வந்து குவிந்தமையால், 2023 பிப்ரவரி 20-இல் கதை பெறுவதையே சில வாரங்கள் நிறுத்த நேர்ந்தது. ஆகவே இதழாசிரியர்களின் அச்சம் வெறும் கற்பனையன்று. உழைத்து எழுதிய புதியவனின் கதை அக்குவியலின் அடியில் புதைந்துபோகும் அல்லவா?

அச்சம் பிறந்தவிடத்துக் கண்காணிகளும் பிறந்தன. எழுத்தைக் கொடுத்தால் "மனிதர்", "இயந்திரம்" என்று பிரித்துச் சொல்லும் கருவிகள் வந்தன. சாட்ஜிபிடியை ஆக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 சனவரியில் அத்தகைய கருவி ஒன்றை வெளியிட்டது. இயந்திர எழுத்தில் நூற்றுக்கு 26 பங்கினை மட்டுமே அது சரியாகச் சுட்டியது. மனிதர் எழுதியதில் நூற்றுக்கு 9 பங்கினை இயந்திரத்தின் தலையில் கட்டியது. துல்லியம் போதாதென்று அவ்வாண்டு சூலையிலேயே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் ஒரு தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை அவற்றிடம் தந்தனர். சராசரியாக நூற்றுக்கு 61-க்கு மேற்பட்டவை இயந்திரத்தின் எழுத்தென்று தவறாகச் சுட்டப்பட்டன. அமெரிக்கப் பள்ளி மாணவர் எழுதியவையோ பெரும்பாலும் தப்பின. காரணம் விளங்கக்கூடியதே. இயந்திரம், அடுத்து வரத்தக்க சொல் எது என்று கணித்து எழுதுகிறது. எனவே எளிதில் ஊகிக்கத்தக்க சொற்களால் ஆன எழுத்தைக் கருவி ஐயுறுகிறது. கற்ற மொழியில் எழுதுவோர் தமக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களையும் பழகிய வாக்கிய அமைப்பையுமே பற்றிக்கொள்வர். அந்த எச்சரிக்கையே அவர்களுக்குப் பகையாகிறது. வியப்பு யாதெனில், அதே கட்டுரைகளை இயந்திரத்திடமே தந்து சொல்வளம் கூட்டிய பின் சோதித்தபோது, தவறாகச் சுட்டப்பட்டவை ஏறக்குறைய நூற்றுக்கு 12 ஆகக் குறைந்தன. மெய்யாக எழுதியவன் சிக்கினான். இயந்திரத்தின் கை பட்டவன் தப்பினான்!

அச்சோதனை ஆங்கிலத்துக்குரியது. ஆயினும் அது சொல்லும் நீதி, புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு முற்றும் பொருந்தும்.

எல்லையூர்த் தமிழின் இயல்பு

எல்லையூரில் எழுத்துத் தமிழ் பேச்சிலிருந்து பிறப்பதன்று. பேச்சில் இரு மொழியும் கலந்தே வரும். நெய்யாற்றின்கரைக்கு மேற்கே கோவளத்தை அடுத்துப் பிறந்த ஐயப்பிள்ளை ஆசானின் இராமகதைப்பாட்டு, தமிழ் என்பார்க்குத் தமிழாகவும் மலையாளம் என்பார்க்கு மலையாளமாகவும் காட்சி தரும். பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் படையோடு கணியாகுளத்தில் பொருது மாண்ட இரவிக்குட்டிப்பிள்ளையின் கதைப்பாட்டும் அத்தகையதே. அப்பாட்டுகளில் பாடுவோர் ஒவ்வொருவரும் ஓரிரு வரி சேர்த்தனர். அதனை எவரும் திருட்டு என்றதில்லை.

ஆனால் எழுதும்போது நிலை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் மிஷனரி சங்கம் பாறசாலையைத் தன் பணிக்களங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. சாமுவேல் மட்டீர் அங்கே பணியாற்றினார். தென்திருவிதாங்கூரில் அச்சங்கத்தின் பள்ளிகளும் அச்சகமும் தமிழையே பெரிதும் கையாண்டன. ஆலயத்தில் கேட்ட தமிழும், அச்சில் கண்ட தமிழும், இலக்கண நூல் கற்பித்த தமிழும் வீட்டுக்குள் வந்தன. ஆகவே இவ்வூராருள் பலருக்கு எழுத்துத் தமிழ் என்பது புத்தகத் தமிழே. பேனா எடுத்தால் "ஆயினும்" என்றே வரும். அது போலியன்று. தெருவில் கிடைக்காத மொழியை ஏட்டில் தேடிப் பிடித்துக்கொண்ட மக்களின் வரலாறு அதனுள் இருக்கிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் தில்லியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கும் இதுவே நிலை. அவர்தம் தமிழ் கொஞ்சம் விறைப்பாக இருக்கலாம். இயந்திரத்தின் தமிழும் விறைப்பாக இருக்கிறது. இரண்டும் விறைப்பு என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடுமா?

அதங்கோட்டு ஆசான்

பாறசாலையிலிருந்து எல்லையைக் கடந்தால் விளவங்கோடு வட்டத்தில் அதங்கோடு என்றோர் ஊர் உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பனம்பாரனார் பாயிரம் கூறும். அவ்வாசான் இவ்வூரினரே என்பது இப்பகுதி மக்களின் உறுதியான நம்பிக்கை.

அவ்வரங்கேற்றம் பற்றி நச்சினார்க்கினியர் ஒரு கதை உரைக்கிறார். தொல்காப்பியர் மீது சினங்கொண்ட அகத்தியர், அவர் நூலைக் கேளாதே என்று ஆசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ கேட்க வேண்டுமென்று வற்புறுத்தினாராம். இருவருக்கும் நடுவே அகப்பட்ட ஆசான், நூலுக்குக் குற்றம் கூறிவிடுவது என்று துணிந்து, நூல் முழுவதும் வினா எழுப்பிக்கொண்டே சென்றாராம். தொல்காப்பியர் அத்தனைக்கும் விடை தந்தாராம்.

கதை எவ்வாறாயினும் அதன் கருத்து பெரிது. குற்றம் காண்பதென்று முன்கூட்டியே முடிவு செய்து அமர்ந்தவர் அவர். ஆயினும் கேள்வியைக் கேட்டார். விடைக்கு இடம் விட்டார். விடை வந்தபோது செவி கொடுத்தார். நூலாசிரியன் எதிரே நிற்க, அவனிடமே வினவி அறிவது அரங்கேற்றத்தின் முறை. "இந்தச் சொல்லை ஏன் இட்டாய்? இந்த இடத்துக்கு முன் என்ன எழுதி அடித்தாய்? இந்தப் பாட்டி யார்?" என்று கேட்டால், எழுதியவருக்குச் சொல்ல ஆயிரம் இருக்கும், எழுதாதவர் விரைவில் தடுமாறுவர். வஞ்சகர் சிலர் இதிலும் தப்பலாம். அதற்காக, எழுதியவளைக் கேளாமலே தள்ளிவிடுவதை எந்த அவையும் நீதி என்னாது.

என் உறவுப் பெண்ணிடம் அன்று எவரேனும் ஒருவர் அக்கதையில் வரும் பனங்கிழங்குக் குழியைப் பற்றிக் கேட்டிருந்தால் போதும். அது பாட்டி வீட்டுப் பின்புறத்தில் எந்த மரத்தடியில் இருந்தது என்பது வரை அவள் சொல்லியிருப்பாள். சென்ற பொங்கலன்று அவள் மீண்டும் ஒரு கதை எழுதி எனக்கு அனுப்பினாள். முதல் வாக்கியத்திலேயே "ஆயினும்" இருந்தது. அதை மாற்ற வேண்டாம் என்று எழுதினேன்.