நால்வரில் மூவர்

2011 நவம்பர் 11. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலுள்ள விஸ்கி எ கோ கோ கிளப்பின் மேடையில் பிளாக் சப்பாத் என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் அசல் நால்வரும் பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்றார்கள். பாடகர் ஆஸி ஆஸ்பர்ன், கிதார் டோனி ஐயோமி, பேஸ் கிதார் கீசர் பட்லர், டிரம்ஸ் பில் வார்ட். புது ஆல்பம் வரப்போகிறது என்றார்கள். இந்த நால்வர் கூட்டணியின் முழு ஆல்பம் கடைசியாக வந்தது 1978இல். மறு வருடமே குடி, போதைப் பழக்கம் முற்றிப்போன ஆஸியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். பிறகு மேடையில் அவ்வப்போது சேர்ந்தார்கள், பிரிந்தார்கள். 2001இல் ஒரு புது ஆல்பத்தைத் தொடங்கிப் பாதியில் கைவிட்டார்கள்.

இந்த முறையும் அறிவிப்பின் ஈரம் காயவில்லை, இடி விழுந்தது. 2012 ஜனவரியில் ஐயோமிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரியவந்தது.

ஐயோமியின் கையைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அவர் வேலை பார்த்தார். அங்கே அவருடைய கடைசி நாள் வேலையின்போது, 17 வயதில், வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரம் வெட்டிவிட்டது. அவர் இடதுகைக்காரர். தந்திகளை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான். வாழ்க்கை முடிந்தது என்று முடங்கிக்கிடந்த பையனிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். தீயில் வெந்து இரண்டு விரல்கள் செயலிழந்த பின்னும் கிதார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டு அது. பையன் எழுந்தான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிக்குக் குப்பி செய்தான், அதன்மேல் தோல் ஒட்டினான். வலி தெரியாதிருக்க மெல்லிய தந்திகளைப் பூட்டினான், பிற்பாடு அவற்றின் சுருதியையும் இறக்கினான். ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த, தாழ்ந்த நாதத்துக்கு ஒரு தொழிலாளியின் காயமும் காரணம்.

அந்தக் கைக்காரர் புற்றுநோய்க்கு மட்டும் அடங்குவாரா? சிகிச்சை இங்கிலாந்தில் நடந்ததால் ஆஸியும் பட்லரும் அவர் இருக்கும் இடத்துக்கே வந்தார்கள். வீட்டிலேயே மெட்டுகள் பிறந்தன. கீமோதெரபி ஒரு பக்கம், கிதார் மறுபக்கம். 

ஆனால் பில் வார்ட் இல்லை. கையெழுத்துப் போடும்படியான ஒப்பந்தம் தரவில்லை என்று 2012 பிப்ரவரியில் அவர் ஒதுங்கினார். அவர் உடல்நிலை தாங்காது என்றது ஆஸியின் தரப்பு. அவருக்குப் பதிலாக ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின் குழுவின் பிராட் வில்க் வந்தார். கலிபோர்னியாவின் மாலிபுவில் ஒலிப்பதிவு. தயாரிப்பாளர் ரிக் ரூபின் அவர்களை உட்காரவைத்து, 1970இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தைப் போட்டுக்காட்டினார். மெட்டல் இசைக்குப் பெயரோ இலக்கணமோ இல்லாத காலத்துப் பையன்களாக வாசியுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

2013 ஜூனில் அந்த ஆல்பம் '13' என்ற பெயரில் வெளிவந்தது. எட்டுப் பாட்டுகள். முதல் இரண்டும் எட்டு நிமிடத்தைத் தாண்டுகின்றன. அவசரமே இல்லாத, யானை நடைபோன்ற இசை. 'டேமேஜ்டு சோல்' பாட்டில் ஆஸியின் மவுத் ஆர்கன் வரும்போது, மெட்டலுக்கு முன் இவர்கள் ப்ளூஸ் வாசித்துத் திரிந்த பையன்கள் என்பது நினைவுக்கு வருகிறது. ஐயோமியின் கிதாரில் நோயின் சாயலே இல்லை. குறை டிரம்ஸில்தான். வில்க் பிசகில்லாமல் அடிக்கிறார். வார்டோ ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவர் தாளம் நேர்கோட்டில் நடக்காது, ஆடி அசைந்து வரும். அந்த அசைவு இந்த ஆல்பத்தில் இல்லை. பணத்தகராறோ உடல்நிலையோ, எதுவானாலும் அதைப் பேசித் தீர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிரிட்டனில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. 1970இன் 'பாரனாய்டு' ஆல்பத்துக்குப் பிறகு அங்கே அவர்களுக்கு அந்த இடம் கிடைக்க ஏறக்குறைய 43 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் முதல் வாரம் 1,55,000 பிரதிகள் விற்றன. அந்நாட்டுப் பட்டியலில் அவர்கள் முதலிடம் கண்டது வாழ்நாளிலேயே அப்போதுதான். 'காட் இஸ் டெட்?' பாட்டுக்குக் கிராமி விருதும் வந்தது. முதல் ஆல்பம் மழையோடும் மணியோசையோடும் தொடங்கும். '13' அதே மழையிலும் மணியோசையிலும் முடிகிறது.

விட்டுப்போன நான்காவது ஆள் 2025 ஜூலை 5 அன்று வந்தார். பர்மிங்ஹாமில் நால்வரும் வளர்ந்த ஆஸ்டன் பகுதியின் வில்லா பார்க் மைதானத்தில் கச்சேரி. பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஆஸி நாற்காலியில் அமர்ந்து பாடினார். பின்னால் டிரம்ஸில் பில் வார்ட். நால்வரும் வாசித்தவை நான்கே பாட்டுகள், நான்கும் 1970இல் வந்தவை. பதினேழாம் நாள், ஜூலை 22 அன்று, ஆஸி காலமானார்.