கிட்ட போகாமலே க்ளோஸ்-அப்! கேளம்பாக்கம் பூநாரைகளை போட்டோ எடுப்பது எப்படி? எவ்வளவு 'க்ராப்' செய்யலாம்?

கேளம்பாக்கம் - கோவளம் சாலை உப்பங்கழியைக் கடக்கும் இடம், சென்னையின் தெற்குப் பகுதியில் பறவை பார்ப்பவர்களுக்கு நன்கு பழக்கமான இடம். பூநாரை, கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான் என பலவகை நீர்ப்பறவைகளை இங்கே பார்க்கலாம். ஆனால், "இன்னும் நாலு அடி கிட்ட போனா சூப்பரா வருமே" என்று சேற்றில் இறங்கினால் கூட்டமே எழுந்து பறந்துவிடும். நெருங்க வேண்டிய அவசியமே இல்லை. தூரத்தில் நின்று எடுத்து, பிறகு சரியாக வெட்டினாலே க்ளோஸ்-அப் கிடைத்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் கிட்ட போகக் கூடாது?

வலசை வரும் பறவைகளுக்கு இது சாப்பாட்டு இடம். திரும்பிப் போகும் பயணத்துக்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் இரை தேடும் நேரமும் போகும், உடம்பில் இருக்கும் சக்தியும் வீணாகும். மேய்ந்துகொண்டிருந்த பறவை தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், அதுதான் எல்லை. அங்கேயே நின்றுவிடுங்கள்.

கோடையில் இன்னும் கவனம் தேவை. ஆட்காட்டி, நெடுங்கால் உள்ளான் போன்றவை தரையிலேயே முட்டையிடும். ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்புவதுதான் சரி. 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற விளக்கத்துக்குள் சேர்த்திருக்கிறது.

க்ராப் செய்தால் என்ன ஆகும்?

12 மெகாபிக்சல் போட்டோ என்பது 4000 x 3000, அதாவது 1.2 கோடி பிக்சல். இதை இப்படி வெட்டினால்:

* நீளம், அகலம் இரண்டிலும் பாதி: 2000 x 1500. மிஞ்சுவது 30 லட்சம் பிக்சல். இன்ஸ்டாகிராமுக்கு தாராளம். நல்ல தரத்தில் பிரிண்ட் போட்டால் சுமார் 6.5 அங்குல அகலம் வரை தாங்கும்.

* இரண்டிலும் கால் பங்கு: 1000 x 750. மிஞ்சுவது 7.5 லட்சம்தான். இன்ஸ்டாகிராமின் 1080 பிக்சல் அகலத்துக்கே பத்தாது.

அதனால் 'பாதிக்குப் பாதி' வரை வெட்டலாம், அதற்கு மேல் யோசிக்க வேண்டும். இன்னொன்று, க்ராப் செய்யும்போது பறவை மட்டும் பெரிதாகாது, கை நடுங்கிய கலங்கலும் சேர்ந்தே பெரிதாகும். கையை எதன் மீதாவது ஊன்றிக்கொண்டு எடுப்பது நல்லது.

லென்ஸின் எல்லையைத் தாண்டி செல்போனில் ஜூம் செய்வதும் ஒருவகை க்ராப்தான். அதை போனே செய்துவிடும், பிறகு மாற்ற முடியாது. கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால், எங்கே வெட்டுவது என்பது உங்கள் கையில் இருக்கும்.

ஸ்டேட்டஸுக்கா? போனைத் திருப்புங்க!

படுக்கை வாக்கில் எடுத்த படத்தை ஸ்டேட்டஸுக்காக 9:16 அளவில் வெட்டினால், 1.2 கோடியில் சுமார் 50 லட்சம் பிக்சல்தான் மிஞ்சும். முதலிலேயே போனை நிமிர்த்தி எடுத்திருந்தால் 90 லட்சம் மிஞ்சும். நீண்ட காலோடு நிமிர்ந்து நிற்கும் பூநாரைக்கு அந்த ஃபிரேம்தான் பொருத்தமும் கூட.

எங்கே வெட்டுவது?

* முழுசா வையுங்கள், அல்லது தைரியமாக வெட்டுங்கள். தலையும் கழுத்தும் மட்டும் உள்ள படம் அழகாக இருக்கும். கால் மடங்கும் இடத்தில் வெட்டினால் ஊனமாகத் தெரியும். (பூநாரையின் 'முட்டி' போலத் தெரிவது உண்மையில் கணுக்கால் மூட்டு!)

* பறவை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் கூடுதலாக இடம் விடுங்கள்.

* தண்ணீரில் நிழல் விழுந்தால் முழு நிழலும் வரட்டும்.

* கண் தெளிவாக இல்லை என்றால், எவ்வளவு வெட்டினாலும் படம் எடுபடாது.

* காலையில் சூரியன் கடல் பக்கம் உதிக்கும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால் நிறம் நன்றாக வரும்.

கழியோரப் புல்லில் உட்காரும் தட்டான்பூச்சிக்கும் இதே கணக்குதான். ரொம்ப நெருங்கினால் ஃபோகஸ் ஆகும் ஆழம் சில மில்லிமீட்டராகக் குறைந்துவிடும், கண் தெளிவாக இருந்தால் வால் மங்கும். ஒரு அடி பின்னால் வந்து, பூச்சியின் உடம்புக்கு இணையாக கேமராவைப் பிடித்து எடுத்து, பிறகு வெட்டினால் தலை முதல் வால் வரை தெளிவு கிடைக்கும்.

க்ராப் செய்வது ஏமாற்று வேலையா?

இல்லை. ஃபிலிம் காலத்திலேயே இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும்போது வெட்டுவது வழக்கம்தான். படத்தை வெட்டுவதை விரும்பாத பிரான்ஸ் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன்கூட, பாரிஸில் 1932இல் எடுத்த, தேங்கிய தண்ணீரைத் தாண்டும் மனிதரின் புகழ்பெற்ற படத்தை வெட்டித்தான் வெளியிட்டார்.

சர்வதேச இயற்கைப் புகைப்படப் போட்டிகள் பலவும் க்ராப்பை அனுமதிக்கின்றன. குறுக்கே வந்த குச்சியை அழிப்பது, இல்லாத பறவையைச் சேர்ப்பது போன்றவைதான் தடை. ஓரத்தை வெட்டலாம், உள்ளே இருப்பதை மாற்றக் கூடாது. இறுதிச் சுற்றில் ஒரிஜினல் ஃபைலைக் கேட்பார்கள் என்பதால், வெட்டிய படத்தை தனி காப்பியாக சேமியுங்கள். ஒரிஜினல் அப்படியே இருக்கட்டும்.