மானிப்பாய் மறவாத வைத்தியர்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தருளினார். நோயுற்றவன் தன் நோவை எடுத்துரைப்பதும், வைத்தியன் அதனைக் கேட்டறிவதும் ஒரு மொழியினாலன்றோ நிகழ்கின்றன? அந்நாளில் இருவர்க்கும் மொழி ஒன்றாகவே இருந்தமையின் அதனைத் தனியே கூறவேண்டிய தேவை இருந்திலது. மேனாட்டு வைத்தியம் எம் நாட்டிற்கு வந்தபோது நோயாளியின் மொழி வேறாகவும், வைத்திய நூலின் மொழி வேறாகவும் பிரிந்தன. அப்பிரிவை நீக்க முன்வந்து உழைத்தவர் தமிழருமல்லர், சைவருமல்லர். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரே அவர்.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிலே பிறந்தார். நியூயோர்க் நகரிலே வைத்தியக் கல்வி பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் யாழ்ப்பாணம் வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னரே வைத்தியர் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், வைத்தியர் உவாட் வட்டுக்கோட்டையிலும் நோயாளரைப் பார்த்து வந்தனர். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு இடம் மாறினார். நோய் தீர்ப்பதோடு அமையாது, எம் வாலிபர் சிலரைச் சேர்த்து வைத்தியமும் கற்பிக்கத் தொடங்கினார். ஈழத்திலே மேனாட்டு வைத்தியம் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டதற்கு இஃது ஒரு தொடக்கமாகும். கொழும்பிலே அரசினர் வைத்தியக் கல்லூரி தோன்றியது 1870இலேயே என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

முதலிலே அவர் ஆங்கிலத்திற் கற்பித்தார். அதனால் விளைந்ததை அவரே கண்டார். ஆங்கிலம் கற்றுத் தேறிய வைத்தியர் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியூர் செல்லலாயினர். பிள்ளைப்பேற்றில் வருந்தும் பெண்ணுக்கும், வாந்திபேதியில் வீழ்ந்த கமக்காரனுக்கும் கிராமத்திலே துணையில்லாது போயிற்று. நோயாளியின் பாஷையிலேயே கற்றவன்தான் நோயாளியின் ஊரிலே தங்குவான் எனக் கிறீன் துணிந்தார். 1857 அளவில் தாய்நாடு சென்றவர், மணம் புரிந்து, 1862இல் மீண்டும் வந்தபின் அத்துணிவைச் செயலாக்கினார். வகுப்பு தமிழில் நடந்தது. வைத்தியராய் வருவோர் தம் பெயரையும் உடையையும் மாற்றி அந்நியராக வேண்டியதில்லை என்பதும் அவர் கொள்கையாகும். அவரிடம் கற்றுத் தேறியோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் 33 பேர் தமிழிலேயே கற்றவர்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டுமே! தாமே தமிழ் பயின்று, தம் மாணாக்கரையும் துணைக்கொண்டு அவர் நூல்களை ஆக்கினார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்பன 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. உடலுறுப்புகளை அடி முதல் முடி வரை ஆராயும் கலைக்கு அங்காதிபாதம் என்றும், உறுப்புகளின் தொழிலை உரைப்பதற்குச் சுகரணம் என்றும் பெயரிட்டார். ஒரு பொருளுக்குச் சொல் வேண்டின், முதலில் தமிழிலே தேடுதல், அங்கில்லையேல் வடமொழியிலே தேடுதல், இரண்டிலும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் அமைத்தல் என்பது அவர் வகுத்துக்கொண்ட முறை. இன்றும் கலைச்சொல்லாக்கம் செய்வோர் இதனினும் எளிதான வழியொன்றைக் கண்டிலர்.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். சென்றவர் எம்மை மறந்தாரல்லர். வூஸ்ரரில் இருந்துகொண்டே மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்தது 1883இல். அவர் உயிர் நீத்தது 1884 மே மாதம் 28ஆந் திகதி. தமிழர்க்கு வைத்திய ஊழியராய் இருந்தவர் என்பதைத் தம் கல்லறைக் கல்லிலே பொறிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறித்தனர். கடல் கடந்த ஊரிலே, தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர் நடுவே, தமிழர் பெயர் தாங்கிய கல் ஒன்று நிற்கின்றது.

அவர் கிறிஸ்து சமயத்தைப் பரப்ப வந்தவராயிற்றே, இந்து வாலிபராகிய நாம் அவரைப் போற்றலாமோ எனச் சிலர் வினவக்கூடும். அவர் நோக்கத்தை அவரே மறைத்தாரல்லர்; நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவதரித்ததும் அதே 1822இல். கிறீன் மானிப்பாய் வந்த அதே 1848இல் நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாதிரிமாரின் சமயத்தை நாவலர் அஞ்சாது எதிர்த்தார். எனினும் அவர்கள் கொணர்ந்த அச்சியந்திரத்தையும் பாடசாலை முறையையும் வெறுத்தொதுக்கினாரல்லர். சைவத்தின் பொருட்டு அவற்றைக் கையாண்டார். கொள்ளத் தக்கதைக் கொள்ளுதலும் தள்ளத் தக்கதைத் தள்ளுதலும் அப்பெருமான் எமக்குக் காட்டிய நெறி. மேலும், செய்ந்நன்றியறிதல் என அதிகாரம் வகுத்த வள்ளுவர் நன்றி செய்தவனின் சமயத்தை வினவினாரல்லர். கிறீனிடம் மருந்து பெற்ற எம் பாட்டன் பாட்டியருட் பலர் நீறணிந்த நெற்றியோடு சென்று, நீறணிந்த நெற்றியோடே சுகமாய்த் திரும்பியவர்கள்.

அவர் பெயர் தாங்கிய ஞாபகார்த்த வைத்தியசாலை மானிப்பாயிலே உளது. கவிஞர் அம்பி 1967இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ எழுதி அவர் வரலாற்றைத் தமிழர்க்கு நினைவூட்டினார். எனினும் அவர் தொடங்கிய தமிழ் வைத்திய வகுப்பு அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைத்திலது. 1978இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவபீடம் தோன்றியது; அங்கும் கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. உலக நூல்களைக் கற்க ஆங்கிலம் வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கற்றுத் தேறிய வைத்தியர் நோயாளிக்கு அவர் நோயை விளங்கும் தமிழில் எடுத்துரைக்கத் தடுமாறும்போது, கிறீன் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் கண்ட குறை இன்னும் தீரவில்லை என்பதை உணர்கின்றோம்.

ஆண்டுதோறும் மாலை சூட்டுதல் மட்டும் நினைவாகாது. எம் சங்கத்து வாலிபருள் வைத்தியம் கற்கச் செல்வோர் கிறீனின் நூலொன்றையாவது ஒருமுறை விரித்துப் பார்ப்பாராக. தாம் கற்றதில் ஒரு பகுதியையேனும் தம் ஊரார்க்கு விளங்கும் தமிழில் எழுதித் தருவாராக. அந்நிய நாட்டவர் ஒருவர் எமக்காகச் செய்ததை நாம் எமக்காகச் செய்யாதிருப்பின், அவர் கல்லறைக் கல்லிலுள்ள தமிழர் என்னும் பெயர் எம்மைப் பார்த்து நாணுமன்றோ?