பின்வாங்கி நிற்கும் மூலை

கண்ணால் காண்பதும் பொய் என்பர் நம் முன்னோர். பொய் சொல்வது கண்தானா, அல்லது அதன் சாட்சியத்துக்குத் தீர்ப்பு எழுதும் மனமா? இவ்வினாவை ஒரு புல்தரையில் நாட்டிவைத்தவர் அமெரிக்கக் கலைஞர் ரோய் லிக்டன்ஸ்டைன் (1923 - 1997).

சித்திரக்கதைப் படங்களைப் பெருப்பித்து வரைந்து, 1960களில் பொப் கலையின் முன்னோடிகளுள் ஒருவரானார் இவர். ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தில் இவரது ஆசான் ஹொய்ட் ஷேர்மன். இருட்டறையில் ஒரு கணமே உருவங்களைக் காட்டி, மறைந்தபின் மாணவரை வரையச் செய்தவர். பார்த்தல் பற்றிய வினா அங்கேதான் முளைவிட்டிருக்க வேண்டும்.

'வீடு 1' என்ற சிற்பத்தின் மாதிரியை லிக்டன்ஸ்டைன் 1996இல் அமைத்தார். வர்ணம் பூசிய அலுமினியத்தில் அது முழுவுருப் பெற்றது 1998இல். அதற்கு முந்திய ஆண்டே அவர் மறைந்துவிட்டார். 1999 மே மாதம் திறக்கப்பட்ட வொஷிங்டன் தேசிய கலைக்கூடச் சிற்பத் தோட்டத்தில் அது நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 3 மீற்றர். அகலம் 4½ மீற்றர் அளவில்.

தூரத்தே நின்றால் சாதாரண வீடுதான். சுவர்கள் கூடும் மூலை நம்மை நோக்கித் துருத்தி நிற்கும். நடந்தாலோ வீடும் நம்மோடு திரும்பும்! உண்மையில் அம்மூலை பின்னோக்கி உட்குழிந்தது. மெய்யான வீட்டைக் கடந்து வலப்புறம் நடந்தால் வலச்சுவர் விரிந்து தெரியும். இங்கே இடச்சுவர் விரிகிறது. மூலை முன்னே நிற்கிறது என்று தீர்மானித்துவிட்ட மனம் தன் தீர்மானத்தைக் கைவிடாமல், வீடே அசைகிறது என்று கணக்கை ஒப்பேற்றிவிடுகிறது.

இவ்வினா புதியதன்று. மடித்த அட்டை தரும் இதே மயக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் ஏர்ன்ஸ்ட் மாக் ஆராய்ந்தார். அவருக்கு 800 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர் இப்னுல் ஹைதம். அவரது 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்டது. மூன்றாம் பாகம் பார்வையின் பிழைகளுக்கே உரியது. பார்த்தலில் அனுமானமும் தீர்ப்பும் கலந்திருப்பதை அவர் விளக்கினார்.

அப்பியாசக் கொப்பியின் மட்டையை மடித்து, உட்பக்கம் நம்மை நோக்க நிறுத்தி, ஒரு கண்ணை மூடிச் சற்றுநேரம் பார்க்கும்படி என் வகுப்பில் சொன்னேன். தலையை அசைத்ததும் "சேர், மட்டை திரும்புது!" என்றான் ஒரு பையன். மற்றக் கண்ணையும் திறக்கச் சொன்னேன். மட்டை அடங்கியது.

கண்ணைக் குற்றம் சொல்வது எளிது. முதலில் முடிவெடுத்துவிட்டு, பிறகு பார்க்கிறவர்கள் நாம்தாம். 'வீடு 1'இன் பக்கவாட்டுக்கு நடந்து சென்றவருக்கு உண்மை தெரிந்துவிடும். அந்த நாலு அடியை நடக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.