உறைபனி வருமுன் வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

நீலகிரியில் நவம்பர் முதல் ஜனவரி வரை உறைபனிக் காலம். மேகமும் காற்றும் இல்லாத இரவில், பள்ளமான இடங்களில்தான் பனி அதிகம் உறையும். உங்கள் தோட்டம் அங்கே இருந்தால், ஒரே இரவில் செடிகள் கருகிவிடலாம். அதற்காக எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதில்லை.

முதலில் பறிக்க வேண்டியவை

பீன்ஸ், தக்காளி, பூசணி ஆகியவை உறைபனியைத் தாங்காது. முற்றிய பச்சைத் தக்காளியைப் பறித்து, வீட்டுக்குள் வைக்கோலில் பரப்பினால் பழுக்கும். பூசணியைக் காம்போடு அறுங்கள்.

உருளைக்கிழங்கு

இலை கருகினாலும், மண் மூடிய கிழங்கு பொதுவாகக் கெடாது. தண்டை அறுத்துவிட்டு, தோல் இறுக 10 முதல் 14 நாள் கழித்துத் தோண்டுங்கள். வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். பச்சை நிறமான கிழங்கைச் சமைக்க வேண்டாம்.

விட்டு வைக்கலாம்

கேரட், முட்டைக்கோஸ், முள்ளங்கி லேசான உறைபனியைத் தாங்கும். பகலில் மண் நனைய நீர் விடுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் வெளிவிடும். மாலையில் கோணியால் மூடி, காலை வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பனி உறைந்த கோஸை உடனே அறுக்காமல், உருகிய பிறகு அறுங்கள்.

கடைசி வேலை

நோயில்லாத செடிகளை உரக்குழியில் போடுங்கள். கருகல் நோய் தாக்கிய செடிகளையும் கிழங்குகளையும் தோட்டத்தில் விடாதீர்கள். மண்ணில் தங்கும் நோய்க் கிழங்கு அடுத்த போகத்தையும் கெடுக்கும். காலியான பாத்தியில் மட்கிய எருவைப் பரப்பி, காய்ந்த புல்லால் மூடாக்கு இடுங்கள். சரிவு நிலத்தில் அடுத்த மழைக்கு மண் அரிக்காமல் காக்கும்.