எல்லையோடு நின்ற உரிமை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய பண்டகசாலைகளை ஒட்டி நடந்து கோட்டைக் கொச்சியை அடைகிறவர், ஒரே நகரத்தின் ஒரு பேட்டையிலிருந்து மறு பேட்டைக்கு வந்ததாகவே எண்ணுவார். ஆனால் 1795-இல் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கோட்டையைக் கைப்பற்றியபின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம், கோட்டைக் கொச்சி சென்னை ராஜதானியின் மலபார் ஜில்லாவுக்கும், மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் சமஸ்தானத்துக்கும் உரியனவாயிருந்தன. புதிதாய் ஒரு யந்திரத்தைக் கண்டுபிடித்தவனுக்குச் சர்க்கார் அளித்த உரிமையும் அந்த எல்லையோடு நின்றுவிட்டது என்பதைப் பிரஸ்தாபிப்பவர் அதிகமில்லை.

அவ்வுரிமை இந்தியாவில் 1856-இல் பிறந்தது. பிப்ரவரி 28-இல் சட்டம் வந்தது. மார்ச் 3-ஆம் தேதியே கல்கத்தாவில் ஜார்ஜ் ஆல்ஃப்ரெட் டீபென்னிங் என்னும் இஞ்சினீயர், பங்கா இழுக்கும் யந்திரம் ஒன்றுக்காக மனுச் செய்துகொண்டு, செப்டம்பரில் விவரணத்தையும் சித்திரங்களையும் சமர்ப்பித்தார். உத்தரத்திலிருந்து தொங்கும் துணிச் சட்டத்தை, தாழ்வாரத்தில் உட்கார்ந்து பகலெல்லாம் கயிறு பிடித்து இழுத்த கூலிக்காரனுக்கு அந்த யந்திரம் ஓய்வளித்திருக்குமா, பிழைப்பைப் பறித்திருக்குமா என்பதை மனு ஆராயவில்லை. எந்த மனுவும் அதை ஆராய்வதில்லை.

இங்கிலாந்து மகாராணியின் முன்சம்மதம் பெறாத குற்றத்தால் அச்சட்டம் மறு ஆண்டே ரத்தாகி, 1859-இல் வேறு உருவில் வந்து, கண்டுபிடித்த பொருளைச் செய்யவும் விற்கவும் உபயோகிக்கவும் 14 ஆண்டுகளுக்குத் தனியுரிமை வழங்கிற்று. ஆனால் அதன் ஆட்சி பிரிட்டிஷ் பிரதேசங்களுக்கு மட்டுமே. ஆகவே கோட்டைக் கொச்சியில் ஒருவன் செய்தால் உரிமை மீறலாகும் யந்திரத்தை, சில நிமிஷ நடையில் மட்டாஞ்சேரிக்கு வந்து எவனும் செய்து ஓட்டலாம், அதைத் திரும்ப எடுத்துச்சென்று கோட்டையில் விற்க முற்படாத வரையில் கல்கத்தாவின் சட்டம் அவனைத் தீண்டாது. 1865-இல் பிரிட்டிஷ் அரசும் திருவிதாங்கூரும் கொச்சியும் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையால், புகையிலை, உப்பு போன்ற சில நீங்கலாகப் பொருள்கள் தம்முள் சுங்கமின்றிப் போய்வரலாயின என்பதை நினைக்கும்போது, சரக்குக்குத் திறந்த வழி அச்சரக்கை உண்டாக்கிய புத்திக்குத் திறக்கவில்லை என்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. மலையாளக் கரையின் மிளகால் செழித்த வெனிஸ் நகரம், 1474-லேயே புதுக் கருவி செய்தவனுக்குப் பத்தாண்டு உரிமை கொடுத்து, அதைத் திருட்டாகச் செய்தவனுக்கு நூறு டுகட் அபராதமும் விதித்தது. அதுவும் தன் எல்லைக்குள்தான்.

இனி, இங்குள்ள தொழிலாளியின் பக்கத்தைப் பார்ப்போம். கயிறு திரிக்கும் ராட்டு ஒன்று நிலையாக நிற்க, ஒருத்தி அதைச் சுழற்ற, இருவர் மடியில் தேங்காய் நாரை ஏந்திப் பின்னோக்கி நடந்தபடி இழைகளை நீட்டுகிறார்கள். அந்த ராட்டுக்குத் தச்சன் ஒருவன் ஏதோ திருத்தம் செய்தானென்று வைத்துக்கொள்வோம். அது சரியாக ஓடுகிறதா என்பதை அவன் முற்றத்திலே, நாலுபேர் பார்க்கத்தான் சோதித்திருக்க வேண்டும். சட்டமோ, முன்பே பகிரங்கமாக உபயோகத்தில் வந்தது பொதுவாகப் புதியதன்று என்றது. கல்கத்தா சர்வதேசப் பொருட்காட்சியில் வைக்கும் கண்டுபிடிப்புகளின் புதுமை கெடாதிருக்க 1883-இல் தனிச் சட்டமே இயற்றிய சர்க்கார், தெருவில் தொழில் செய்தவனுக்கென்று தனிச் சட்டம் எதுவும் இயற்றவில்லை. விவரணத்தை எழுதிக் கல்கத்தாவுக்கு அனுப்பும் சிரமம் வேறு.

1911-இல் வந்த சட்டமும் பிரிட்டிஷ் இந்தியாவையே அளவாகக் கொண்டது. சமஸ்தானங்கள் மறைந்து, 1956-இல் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும் கேரளத்தில் சேர்ந்து, 1967-இல் ஒரே மாநகராட்சிக்குள் அடங்கின. நீதிபதி ராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்ட 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. இன்று கொச்சியிலுள்ளவருடைய விண்ணப்பம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போகிறது. முற்றத்தில் நாலுபேருக்குக் காட்டுமுன் தற்காலிக விவரணம் ஒன்றைக் கொடுத்துவிட்டால், முழு விவரணத்துக்குப் பன்னிரண்டு மாதம் அவகாசம் உண்டு.